ஏழாவது கதவு

நாற்பத்திரண்டு விநாடி.
அவ்வளவுதான் காட்டினார்கள்.
துளூத் முழுக்க இடுப்பளவு பனி கிடந்த இரவில்
பா ஹுவாவின் கார் கொட்டகையில்
ஹீட்டரைச் சுற்றி நான்கு பேர்
அதைப் பதினொரு முறை பார்த்தோம்.

பன்னிரண்டாவது முறை
ஆர்விட் கையை நீட்டி நிறுத்தினான்.
"அந்த நடைவழி நீலமே இல்லை.
பழுப்பேறிய பச்சை."
ஏரி உறைந்து
தாதுக் கப்பல்கள் கட்டிக் கிடக்கும் மாதங்களில்
அவற்றுக்குப் பெயின்ட் அடிப்பவன் ஆர்விட்.
பச்சையைப் பற்றி அவனோடு வாதாட
எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

மூன்று பருவம் ஓடி
நான்காவதுக்குக் காசில்லை என்று
ஏழாவது கதவில் கேப்டன் கை வைத்ததோடு
நின்றுபோன தொடர்.
ஒன்பது வருடம் அந்தக் கை அங்கேயே இருந்தது.
இப்போது கிளைத்தொடராம்.
கேப்டன் இல்லை, மருத்துவர் இல்லை.
குழாய் பழுதுபார்க்கும் வெட்ரின்தான் நாயகன்.

மூன்று பருவத்துக்கும் சேர்த்து
வெட்ரின் பேசியது பதினான்கு வரி.
அதில் ஐந்து: "தள்ளி நில்லுங்கள்."
கிரகங்கள் வெடிக்கும் காட்சியில்
யாருக்கோ பின்னால், பாதி முதுகு மட்டும் தெரிய,
ஒரு கசிவை அடைத்துக்கொண்டிருப்பான்.
அதனாலேயே பிடித்தவன்.
இனி அவனைத் திருப்பி
முகத்தில் விளக்கடிப்பார்கள்.
தீப்பிடித்த வீடொன்று கொடுப்பார்கள் சிறுவயதுக்கு.
எதிரிக் கப்பலில் ஒரு அண்ணன்.
ஆறாவது வாரம் அழவைப்பார்கள்.

"அழட்டுமே" என்றாள் பா ஹுவா.
பல் மருத்துவமனையில் வேலை.
வாய் திறந்தபடி அழுகிறவர்களைத்
தினமும் பார்க்கிறாள்.
அவள் பையன் து லோங்குக்குப் பதினாறு வயது.
சிப்ஸ் பொட்டலத்திலிருந்து தலையெடுக்காமல் கேட்டான்:
"நல்லா இல்லன்னா பாக்காம விட்டுடலாமே?"
மூவரும் அவனைப் பார்த்த பார்வையில்
ஹீட்டரே ஒரு நொடி அணைந்த மாதிரி இருந்தது.

எனக்கும் ஒரு குறை உண்டு. சொல்லவில்லை.
கதவின் சத்தம்.
முன்பு குளிர்பதனப்பெட்டி பெருமூச்சு விடுவதுபோல் இருக்கும்.
இப்போது ஹோட்டல் லிஃப்ட் மாதிரி
டிங் என்கிறது.

விடிகாலை மூன்று மணிக்கு
நகராட்சியின் பனிவண்டியை எடுத்தேன்.
என் பிழைப்பு இது:
நான் வழித்துவிட்ட சாலையை
கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பனி மறுபடி மூடும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியரில்,
டெல்பர்ட் இருக்கிறான்.
ஐந்து வருடம் முன்பு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம்,
வாணலி, படகு, வரிப் பாக்கி.
நாய் அவனோடு போனது.
பிரிக்க முடியாமல் நின்றது ஏழாவது கதவு.
உள்ளே ஒருவருமில்லை என்பான் அவன்.
இருக்கிறார் என்பேன் நான்.
புதிதாக ஒரு சாட்சியம் கிடைத்தால்
யாராவது ஒருவர் போன் செய்வோம்.
தரையில் விழுந்த நிழல்,
ஒரு கோப்பை அதிகமாக வைத்த மேசை.
வேறு எதற்கும் பேசுவதில்லை.
பேச வேறொன்றும் இல்லை.

கொட்டகையில் நான் வாய் திறக்காதது இதனால்தான்.
நீலமோ பச்சையோ, எப்படியும் எடுத்துத் தொலைக்கட்டும்.
ஆனால் அந்தக் கதவைத் திறந்துவிட்டால்?
எங்களில் ஒருவர் ஜெயித்துவிடுவோம்.

மூன்று நாற்பதுக்கு மணி அடித்தது.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"நீலம்."
"ஆமாம்."
அவன் பக்கம் நாய் எதையோ கவ்வி இழுத்தது.
"திறப்பார்களா, டெல்பர்ட்?"
கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும் ஓடியது.
"குழாய்க்காரனுக்கு அந்தக் கதவோடு
என்ன வேலை" என்றான்.
பிறகு, கொஞ்சம் அவசரமாக,
"திறந்தாலும் உள்ளே ஒருவருமில்லை."

"இருக்கிறார்" என்றேன்.
மூன்றாம் பருவம், எட்டாவது வாரம்,
அந்த நிழலிலிருந்து தொடங்கினோம்.
பாலம் வரை வழிக்க வேண்டிய சாலை
ஆறு மைல்.
பிளேடைத் தாழ்த்தி
மெதுவாகவே ஓட்டினேன்.